சாட்சித் தட்டில் சிவப்பு நூல்

போன வாரம் அமுதா போன் செய்தாள். மண் பரிசோதனை நிலையத்தில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மேடம், ஃபீல்டு டீமுக்கு எல்லாம் புதுசா டி-ஷர்ட் குடுத்திருக்காங்க. முதுகுல ஆபீஸ் பேரு, தோள்ல கோடு. வேர்வையே ஒட்டலை. நனைஞ்சாலும் ஒரு நிமிஷத்துல காஞ்சிடுது!"

"நூல் உருவிக் கொளுத்திப் பார்த்தியா?" என்றேன்.

"புது டி-ஷர்ட்டை யாராவது கொளுத்துவாங்களா மேடம்?" என்று சிரித்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கள்ளிக்குப்பத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்று நான் போட்ட கத்தலில், எதிர்வீட்டு அம்மா கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பாவம், அமுதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க மேடம், எல்லாரும் படிச்சுக்கிறோம்" என்றாள். கிண்டல்தான். ஆனால் நான் நிஜமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். தேவகியின் கழனியில் நடந்ததை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் மண் பரிசோதனை என்றால் உரக் கணக்குதான். பாட்டில் கழுவுவதில் ஆரம்பித்து, இலாகா தேர்வு எழுதி, டெக்னீஷியன் ஆனேன். வயலில் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுத்து, யூரியா சாக்கை விரித்து அதில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துவருவோம். நாங்கள் என்ன உடுத்தியிருக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. நான் நைலக்ஸ் புடவைக்காரி. காலையில் அலசிப் போட்டால் காப்பி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும், இஸ்திரியும் வேண்டாம். அம்பத்தூரில் ரயில் ஏறும் வேலைக்காரப் பெண்களில் பாதிப் பேர் அப்போது அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு வேலையே மாறியது. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை கிடக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். அதற்கென்று வந்தவர்தான் ஹமீது சார். பூந்தமல்லிக்காரர். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. டிரைவர் ஏழுமலையைக்கூட வாங்க போங்க என்பார். அந்த மரியாதையோடு சேர்த்து ஒரு பிடிவாதம் இருந்தது பாருங்கள், அப்பப்பா!

வந்த முதல் நாளே எங்களை வரிசையாக நிற்கவைத்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியும் ஒரு இடுக்கியும் எடுத்தார். ஒவ்வொருவர் துணியின் ஓரத்திலிருந்தும் ஒரு நூலை உருவித் தரச் சொன்னார். இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். மற்றது சுருண்டு உருகும், ஆறியதும் கடுகுபோல ஒரு கறுப்பு மணி நிற்கும், நகத்தால் நசுக்கினாலும் நசுங்காது. என் புடவை நூல் மணியாக நின்றது.

"கஸ்தூரிம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க புடவை சிந்துது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சுத்தபத்தமாக இருக்கிற என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நான் வேலை செய்கிற மேசையை ஈரத்தாளால் துடைத்து, அதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, பார்க்கச் சொன்னார். நீல நீலமாக இழைகள் கிடந்தன. என் புடவையின் நீலமேதான்.

அதற்குப் பிறகு எங்களுக்கென்று முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் பருத்திக் கோட்டு தைக்கப்பட்டது, பளீரென்ற மஞ்சளில். எங்கள் நூல் எங்காவது விழுந்தால் எங்களுடையது என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. கோட்டுக்குள் கட்டுவதும் பருத்திதான். ஆடி மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு மாங்காட்டுப் பக்கம் போனால், அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து, கேட்காமலேயே கூழ் ஊற்றுவார்கள். ஏழுமலை ஒரு இடத்திலும் வேண்டாமென்று சொன்னதில்லை.

சாருடைய இன்னொரு ஏற்பாடு, நாங்கள் சாட்சித் தட்டு என்று பெயர் வைத்த ஒரு கண்ணாடித் தட்டு. அதில் நனைத்த வடிதாளை வைத்து, குழியோரம் திறந்தபடி விட்டுவிடுவார். மண் எடுத்து முடிக்கும்வரை காற்றில் எது வந்து விழுந்தாலும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் இருப்பது மண்ணுடையதா, நாங்கள் கொண்டுவந்து போட்டதா என்பதை அந்தத் தட்டு சொல்லிவிடும். பிளாஸ்டிக் டப்பா, நைலான் கயிறு, சாக்கு எதுவும் குழிப்பக்கம் வரக் கூடாது. கொத்தனார் கரண்டி, கண்ணாடி பாட்டில், அலுமினியத் தாள், அவ்வளவுதான்.

இப்படி இருந்தபோதுதான் தேவகியின் வழக்கு வந்தது.

தேவகி மாங்காடு தாண்டி உள்ளே கீரை போடுகிறவள். புருஷன் ஆவடியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர், கழனி முழுக்க இவள் பொறுப்பு. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு தகர ஷெட் வந்தது. பழைய துணியை மெஷினில் கிழித்துப் பஞ்சாக்கி, தலையணைக்கும் மெத்தைக்கும் அடைக்க அனுப்புகிற இடம். மெஷின் ஓடினால் தூசி புகைபோலக் கிளம்பும். கீரை இலையெல்லாம் பஞ்சு ஒட்டி, எவ்வளவு அலசினாலும் போகாமல், வியாபாரிகள் கட்டைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஷெட்காரர் தரப்போ, அது ரோட்டுத் தூசி, எங்களுடையது இல்லை என்று சாதித்தது. விசாரணை அதிகாரி எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: மண்ணில் துணி இழை இருக்கிறதா, இருந்தால் அது ஷெட்டிலிருந்துதான் வந்ததா?

தேவகி என்னிடம் வேறு ஒன்று சொன்னாள்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் பிளாட் போடறவங்களாண்ட பேசி முடிச்சுட்டாரு. விசாரணையில தோத்தா கையெழுத்துப் போட்டுடணும்னு சொல்லிக்கீறாரு. இந்தக் கழனி போனா நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு வேற எந்த வேலையும் தெரியாதுக்கா."

 அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை எங்கள் கரண்டி முனையில் நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதல்முறை போனது சித்திரை வெயிலில். முந்தைய நாளே நாங்கள் குழி வெட்ட இடம் குறித்துவிட்டுப் போயிருந்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால், குறித்த இடத்திலெல்லாம் சவுக்குக் கழி நட்டு, முதல் இடத்துக்கு மேலே ஒரு புடவையை விரித்துப் பந்தல் கட்டிவைத்திருக்கிறாள் தேவகி. சிவப்புப் புடவை. அதில் நீலப் பூ, பச்சை இலை.

"ஆபீசருங்க வெயில்ல குந்தினு தோண்டணுமேன்னு கட்டினேன் சார். என் வளைகாப்புக்கு எங்கம்மா எடுத்தது. பழசுதான், ஆனா கிழிசல் இல்லாம கீது."

"என்ன துணிம்மா?" என்று கேட்டார் சார்.

"காட்டன் சார். அசல் காட்டன்னு சொல்லித்தான் கடையில குடுத்தான்."

சாருடைய கை சட்டைப் பைக்குப் போனது. தீப்பெட்டி வெளியே வந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தேவகியும் பார்த்தாள், எதற்கென்று தெரியாமல் சிரித்தபடி. ஒரு சுமங்கலியின் வளைகாப்புப் புடவையில் நூலை உருவி அவள் கண்ணெதிரே தீ வைப்பதா? நம்மில் யார் செய்வோம்? பட்டாசுப் பொறி பட்டு முந்தானையில் ஓட்டை விழுந்தாலே அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லாமல் இருக்கிற ஜாதி நாம். சாரும் தீப்பெட்டியைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணீங்கம்மா" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தார். நாங்கள் குழி குழியாக நகர, தேவகியும் புடவையை அவிழ்த்து அவிழ்த்து எங்கள் தலைக்கு மேலே கட்டிக்கொண்டே வந்தாள்.

லேபில் மண்ணை உப்புத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே மிதப்பதை வடிகட்டிப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தனை இழை! வேலியோரக் குழியில் இருந்தது. தள்ளியிருந்த குழியிலும் இருந்தது. தேவகி ஜெயித்துவிட்டாள் என்று நான் ஏழுமலையைக் கூப்பிட்டு டீ வாங்கிவரச் சொன்னேன்.

சார் டீயைத் தொடவில்லை. அடிமண் பாட்டிலை மறுபடி மறுபடி பார்த்தார். கடப்பாரை போட்டு உடைத்து எடுத்த கெட்டி மண் அது. ஷெட்டோ சமீபத்தில்தான் வந்தது. அங்கே எப்படி இறங்கும் இவ்வளவு இழை? கடைசியாகச் சாட்சித் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு எழுந்து என்னைப் பார்க்கச் சொன்னார்.

தட்டெல்லாம் சிவப்பு. இடையிடையே நீலம், பச்சை.

அன்றே கழனிக்குப் போனோம். தேவகி புடவையை மடித்து வைத்திருந்தாள். இந்த முறை சார் கேட்டு வாங்கி, வண்டிக்குப் பின்னால் போய், அவள் கண்ணில் படாமல் கொளுத்தினார். நூல் சுருண்டு மணியாக நின்றது. அதை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நசுங்கவில்லை.

"எல்லா பாட்டிலையும் தள்ளிடுங்க கஸ்தூரிம்மா. இது செல்லாது."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "சார், ஷெட்டுத் தூசியும் அதுல இருக்கத்தான் செய்யுது. அது நமக்கே தெரியும். சிவப்பை விட்டுட்டு மத்ததை எண்ணினா ஆச்சு. எதுக்கு மொத்தத்தையும் தள்ளணும்?"

"எந்த மத்தது? இந்தப் புடவையில நீலம் இருக்கு, பச்சை இருக்கு, உள்நூல் வெள்ளையா இருக்கு. எதை ஷெட்டுதுன்னு சொல்வீங்க?"

"தட்டைப் பார்த்தது நாம ரெண்டு பேருதான் சார். அந்தப் பொண்ணு கழனி போயிடும்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நாளைக்கு அவங்க வக்கீல் இதையே கேட்டா, அந்தப் பொண்ணு கழனி அன்னிக்கே போயிடும். நாம திரும்ப எடுக்கலாம். இன்னும் நேரமிருக்கு" என்றார்.

நேரம் எங்கே இருந்தது? விசாரணை அடுத்த வாரம். மண்ணை அலசிப் பார்க்கவே நாலைந்து நாள் பிடிக்கும். அதற்குள் ஷெட்காரர்கள் வளாகத்தை மேடாக்குகிறோம் என்று வேலியோரமாக லாரி லாரியாகச் சவுட்டு மண் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். அது சரிந்து தேவகி பக்கம் வந்தால் மேல்மண் புதைந்துவிடும். வானமும் இரண்டு நாளாக மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. கோடை மழை ஒன்று அடித்தால் மேலாகக் கிடக்கும் இழையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

தேவகியிடம் சார்தான் சொன்னார். அவள் முகம் செத்துப்போயிற்று.

"நிழல் கட்டினது தப்பா சார்? நான் நல்லதுன்னு நினைச்சுதானே கட்டினேன்?"

"தப்பு உங்களுது இல்லம்மா. நான் தீப்பெட்டியை எடுத்தேன், கொளுத்தாம உள்ள வெச்சுட்டேன். தப்பு என்னுது."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் அப்போது கட்டியிருந்ததிலும் ஒரு நூல் கேட்டார். மணி. வீட்டில் இருந்த மற்ற புடவைகளை எடுத்துவந்தாள். எல்லாம் மணி. "நாளைக்கு நாங்க மண் எடுக்கறப்போ நீங்க வேலிக்கு வெளியே, காத்து போற பக்கமா நிக்கணும்மா. உள்ள வரக்கூடாது" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய கழனிக்குள் அவள் வரக்கூடாது. 

மறுநாள் விடிந்ததும் போய்விட்டோம். சார் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். காற்று கழனியிலிருந்து ஷெட்டுப் பக்கம் போனது. மெஷினும் அந்த நேரத்தில் ஓடவில்லை. தேவகி வடகிழக்கு மூலையில், வேலிக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றாள். புடவை நிழல் படாத புது இடங்களாகப் பார்த்துக் குழி வெட்டி, தள்ளியிருந்தவற்றை முதலில் முடித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சித் தட்டு. வேலியோரக் குழிதான் கடைசி. அதற்குப் போகும்போது முதல் லாரி வந்து பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. கூடவே ஷெட் மேஸ்திரி பாஸ்கர் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தான். தலை, புருவம், சட்டை எல்லாம் இரவு மெஷின் ஓடியபோது ஒட்டிய பஞ்சு.

"இன்னா மேடம், அன்னிக்கே தோண்டிக்கினு போனீங்க, மறுபடியும் இன்னாத்துக்கு?"

"பாஸ்கர், அங்கேயே நில்லுங்க. கிட்ட வராதீங்க."

"ஏன் மேடம், நான் பார்க்கக்கூடாதா? கவர்மென்ட் வேலைதானே, ஒளிச்சா பண்றீங்க?" என்று சிரித்தபடி இன்னும் இரண்டடி வைத்தான்.

குழிக்குள் சார் தலைகுனிந்து மண்ணைச் சீவிக்கொண்டிருந்தார். பாட்டில் திறந்திருந்தது. இவன் வந்து மேலே எட்டிப் பார்த்து ஒரு உதறு உதறினால் போதும், எல்லாம் முடிந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்.

"டேய், நில்லுடா!"

நின்றுவிட்டான். நான் ஏழுமலையிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி நீட்டினேன். "கிட்ட வரணுமா? வா. உன் சட்டையிலேர்ந்து ஒரு நூல் உருவிக் குடு. கொளுத்திப் பாக்கறேன். காட்டனா இருந்தா குழியாண்டயே உக்காந்து பாரு. இல்லேன்னா, சாட்சித் தட்டுல உன் சட்டை நூல் விழுந்துச்சுன்னு எழுதறேன். மெஷின் தூசியை மேல பூசிக்கினு வந்து யாரு உதறினாங்கன்னும் எழுதறேன். உங்க முதலாளிக்கு நீயே விளக்கம் சொல்லிக்கோ."

"இன்னா அண்ணாத்தே, இந்த அம்மா இப்டி கத்துது?" என்று ஏழுமலையைப் பார்த்தான்.

"எனக்கே தினமும் இதான்பா" என்றார் ஏழுமலை.

பாஸ்கர் முனகிக்கொண்டே வேலிக்கு அந்தப்பக்கம் போனான். அதற்குள் லாரி தொட்டியைத் தூக்க ஆரம்பித்துவிட்டது. சவுடு கொட்டுகிற சத்தத்தில் தரை அதிர்ந்தது. கட்டி கட்டியாக வேலிக் கம்பிக்கடியில் உருண்டு எங்களை நோக்கி வந்தது. சார் தலையைத் தூக்கவே இல்லை. மேல் அடுக்கு, நடு அடுக்கு, அடிமண் என்று ஒவ்வொன்றாகச் சீவி பாட்டிலில் போட்டு, நான் நீட்டிய அலுமினியத் தாளால் வாயை மூடினார். கடைசி பாட்டிலை மூடும்போது என் கழுத்தில் முதல் தூறல் விழுந்தது. சாட்சித் தட்டை மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தேன். தேவகி வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை. கொட்டுகிற மழையில் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

விசாரணையில் அவர்கள் வக்கீல் எழுந்ததும் கேட்டது நாங்கள் பயந்த கேள்வியைத்தான். "மண்ணில் இருந்த இழை உங்கள் துணியிலிருந்தே விழுந்திருக்கலாம் அல்லவா?" சார் மஞ்சள் கோட்டை மேசைமேல் வைத்தார். சாட்சித் தட்டுகளை வரிசையாக வைத்தார். எதிலும் மஞ்சள் பருத்தி நூல் ஒன்றிரண்டைத் தவிர வேறெதுவும் இல்லை. மண்ணில் இருந்ததோ வேலியோரம் நிறைய, தள்ளிப் போகப் போகக் குறைவு, அடிமண்ணில் ஒன்றுகூட இல்லை.

"முதல்முறை எடுத்த மண் எங்கே? சாதகமாக இல்லை என்று மறைத்துவிட்டீர்களா?" என்றார் வக்கீல்.

"அது எங்களுக்கு ரொம்பச் சாதகமா இருந்தது" என்றார் சார். பந்தல் புடவையையும், தீப்பெட்டியை எடுத்துத் திரும்ப வைத்ததையும், முதல் தட்டையும் ஒன்று விடாமல் சொன்னார். தன் தவறு என்றே சொன்னார்.  எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வக்கீல் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஷெட்டை முழுக்க அடைத்துத் தூசி வெளியே வராமல் செய்யும்வரை மெஷின் ஓடக்கூடாது, வேலியோரத்து மேல்மண்ணைச் சுரண்டி அகற்ற வேண்டும், கொட்டிய சவுடையும் எடுக்க வேண்டும் என்று உத்தரவானது. நல்ல மண் போன அந்த ஓரத்தில் தேவகி அந்தப் போகம் எதுவும் போட முடியவில்லை. ஆனால் கழனி அவளிடமே இருந்தது. புருஷனின் அண்ணன் பிளாட் பேச்சை எடுக்கவில்லை.

ஐப்பசி மழை விட்டபிறகு மறுசோதனைக்குப் போனோம். அதே மஞ்சள் கோட்டு, அதே தட்டு. உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும்போதுதான் கவனித்தேன், தேவகி வேலிக்கு வெளியே, அதே வேப்பமரத்தடியில் நிற்கிறாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. கஞ்சி மொடமொடப்பு போகாத புதுப்புடவை, கையகலப் பச்சைக் கரை.

வேலிக்குக் கதவாக இருந்த படல் வரைக்கும் வந்தாள். முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி சாரிடம் நீட்டினாள். சாருடைய கை பைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. புதுப்புடவை கட்டி வந்திருக்கிற பெண். அவருக்கு இந்த முறையும் மனசு வரவில்லை.

அவளே கையை நீட்டித் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினாள். நூலை விரல் நுனியில் பிடித்துக் கொளுத்தினாள். காகித வாசனை வந்தது. சாம்பலை உள்ளங்கையில் தேய்த்து, விரித்து, சாருக்குக் காட்டினாள்.

"மணி இல்ல சார். இப்ப நான் என் கழனிக்குள்ள வரலாமா?"

 படலை ஹமீது சாரே திறந்துவிட்டார்.